ராக்கூனைப் பிடித்தால் காட்டு வான்கோழி திரும்பி வருமா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் நடுப்பகுதியில் 60 ஏக்கர் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. முதல் வசந்தத்தில் விடிகாலையில் மூன்று, நான்கு வான்கோழிச் சேவல்கள் கூவுவது கேட்டது. இந்த வருடம் ஒன்றுதான். வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள பெரியவர், எல்லாம் ராக்கூன் என்ற எதையும் தின்னும் சிறு விலங்கும் கொயோட் என்ற காட்டுநாயும் செய்கிற வேலை, பொறி வைக்க விடுங்கள், இரண்டே வருடத்தில் பறவை திரும்பிவிடும் என்கிறார். உங்கள் மகளுக்கு அதில் சம்மதம் இல்லை. காட்டு வான்கோழி ஏன் குறைகிறது என்று நீங்கள் கேட்டிருந்தாலும், உங்களுக்கு வேண்டிய பதில் அந்தப் பெரியவருக்கு அனுமதி கொடுக்கலாமா, கொடுத்தால் பலன் இருக்குமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தென்கிழக்கு மாநிலங்களில் காட்டு வான்கோழிப் பெட்டைகளின் முதுகில் ஜிபிஎஸ் கருவி கட்டி, அவை எங்கே முட்டையிடுகின்றன, குஞ்சு பொரித்ததா, குஞ்சு பிழைத்ததா என்று பின்தொடரும் வேலையில் ஒன்பது வருடம் இருந்தேன். அதில் இரண்டு வருடம் ராக்கூன் பொறியும் வைத்திருக்கிறேன். அதனால் உங்கள் பக்கத்து நிலத்துக்காரர் சொல்வதைக் கேட்டதும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வான்கோழி முட்டையில் பெரும்பகுதி வேட்டையாடும் விலங்குகளின் வயிற்றுக்குத்தான் போகிறது, இதில் சந்தேகமே கிடையாது. ஆனால் 60 ஏக்கரில் அவற்றைப் பிடித்தால் வான்கோழி பெருகும் என்பதற்கு நான் பார்த்ததிலும் படித்ததிலும் ஆதாரம் இல்லை. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குறைகிறது என்றால் எதிலிருந்து குறைகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். காடுகளை வெட்டியதாலும் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதாலும் இந்தப் பறவை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் அடியோடு இல்லாமல் போயிருந்தது. மாசசூசெட்ஸில் 1851-லேயே கடைசிப் பறவை போய்விட்டது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், அவை பிழைக்கவில்லை. 1950-களில் தென் கரோலினாவில், தீனி போட்டு வரவழைத்து, வெடி வைத்துப் பறக்கவிடும் வலையால் காட்டுப் பறவையையே உயிரோடு பிடிக்கும் முறை கைகூடியது. அப்புறம்தான் மாநிலத்துக்கு மாநிலம் கொண்டுபோய் விட்டார்கள். மாசசூசெட்ஸுக்கு 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து போனவை வெறும் 37. இன்று அங்கே 30 ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, தெருவில் காரை மறிக்கின்றன. நாடு முழுக்க 1973-இல் சுமார் 13 லட்சமாக இருந்தது, 2000-களின் தொடக்கத்தில் 70 லட்சத்தை நெருங்கியது. இப்போது 60 லட்சம் சொச்சம் என்கிறார்கள். இவை தலை எண்ணிச் சொன்ன கணக்கு அல்ல. வேட்டையில் எத்தனை விழுந்தன என்பதை வைத்து மாநிலங்கள் போடும் மதிப்பீடு. ஆனால் சரிவின் திசையில் ஐயமில்லை. மிசூரியில் 2004 வசந்த வேட்டையில் 60 ஆயிரத்துக்கு மேல் சேவல்கள் விழுந்தன. அண்மை ஆண்டுகளில் அது அதைவிட வெகுவாகக் குறைந்து நிற்கிறது. சரிவு எல்லா இடத்திலும் இல்லை என்பதையும் கவனியுங்கள். வடகிழக்கில் பறவை நன்றாகவே இருக்கிறது. அடி விழுந்திருப்பது தென்கிழக்கிலும் மத்திய மேற்கின் சில பகுதிகளிலும். கொயோட், ராக்கூன் இரண்டும் மாசசூசெட்ஸிலும் தாராளமாக உண்டு.

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் கேட்கும் எண் ஒன்று உண்டு: ஒரு பெட்டைக்கு எத்தனை குஞ்சு. கோடையின் பின்பகுதியில் கண்ணில் படும் பெட்டைகளையும் குஞ்சுகளையும் எண்ணி வகுப்பார்கள். 2 வந்தால் கூட்டம் தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் போனால் பெருகும், கீழே போனால் தேயும். 1970, 80-களில் 3, 4 என்று இருந்த தென்மாநிலங்கள் இப்போது 2-ஐத் தொடுவதற்கே திணறுகின்றன. அதாவது, பெரிய பறவைகள் சாவதைவிட, குஞ்சுகள் வந்து சேராததுதான் சிக்கலின் நடு.

ஏன் வந்து சேரவில்லை? பெட்டை நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் பத்து, பன்னிரண்டு முட்டை இடும். பிறகு 26 முதல் 28 நாள் அடை. ஆக, முட்டை கிட்டத்தட்ட 40 நாள் வெறும் தரையில் கிடக்கிறது. தென்கிழக்கில் நடந்த பெரும்பாலான ஆய்வுகளில் நான்கு கூட்டில் ஒன்று, சில இடங்களில் ஐந்தில் ஒன்றுதான் பொரிக்கிறது. பொரித்த குஞ்சும் முதல் இரண்டு வாரம் மரத்துக்குப் பறக்க முடியாது. இரவில் தாயின் இறக்கைக்குள் தரையிலேயே உறங்கும். நான்கு வாரம் தாண்டுபவை பத்தில் இரண்டோ மூன்றோ.

ஒரு காலையை மட்டும் சொல்கிறேன். அடையில் இருந்த பெட்டையின் ஜிபிஎஸ் புள்ளி இரவு இரண்டு மணிக்குக் கூட்டை விட்டு விலகியிருந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தோம். காட்டுப்பாதையிலிருந்து பத்தடிக்குள், விழுந்த பைன் கிளைக்கு அடியில் ஒரு பள்ளம். சுற்றிலும் ஓடுகள், பாதியாக உடைந்து, உட்சவ்வு இன்னும் ஈரமாக. முழுதாக ஒரே ஒரு முட்டை மிச்சம். கையில் எடுத்தபோது சூடு இருந்தது. என்னோடு வந்த பையன் உடனே, ராக்கூன்தான் என்றான். கேமராவைப் பார்த்தால் முதலில் வந்தது ஒப்போசம் என்ற வயிற்றில் பையுள்ள சிறு விலங்கு. ராக்கூன் அரை மணி நேரம் கழித்து வந்து மிச்சத்தைத் தின்றிருக்கிறது. பெட்டை ஏன் எழுந்து போனது என்பது கேமராவில் இல்லவே இல்லை. முட்டை ஓட்டைப் பார்த்துத் திருடனைச் சொல்லும் வழக்கம் அன்றோடு என்னிடமிருந்து போய்விட்டது. ராக்கூன், ஒப்போசம், நாற்றநீர் பீச்சும் ஸ்கங்க், காகம், சாரையைப் போல நீளமான பாம்பு, காட்டுப்பன்றி, எல்லாமே முட்டைக்கு வரும். பாம்பு முழுசாக விழுங்கிவிடும், தடயமே இருக்காது. அடையில் இருக்கும் பெட்டையைக் கொல்வதில் பாப்கேட் என்கிற காட்டுப்பூனையும் கொம்பு ஆந்தையும் கொயோட்டும் முன்னால் நிற்கின்றன. குஞ்சைத் தூக்குவதில் பருந்து இனங்கள். இந்தப் பட்டியலில் பருந்தையும் ஆந்தையும் 1972-இலிருந்தே கூட்டரசுச் சட்டம் காக்கிறது. விஷமில்லாத பாம்பைக் கொல்வது ஜார்ஜியாவில் குற்றம். பெரியவரின் பொறி தொடக்கூடியது பட்டியலில் ஒரு பகுதியைத்தான்.

சரி, பெரியவர் பக்கம் நியாயம் இருக்கிறதா? இருக்கிறது, கொஞ்சநஞ்சம் இல்லை. 1970-களின் இறுதியிலும் 80-களிலும் ராக்கூன் தோலுக்கு நல்ல விலை இருந்தது. கிராமத்துப் பையன்கள் குளிர்காலம் முழுக்கப் பொறி வைத்துக் கைச்செலவுக்குச் சம்பாதித்தார்கள். 1980-களின் கடைசியில் தோல் சந்தை சரிந்தது, பொறி வைப்பவர்கள் குறைந்தார்கள், ராக்கூன் பெருகியது. அதே காலத்தில் ஓநாய் இல்லாமல் போன கிழக்கு முழுக்க கொயோட் பரவியது. மான் வேட்டைக்காக ஆங்காங்கே மக்காச்சோளத் தீனிப்பெட்டி வைக்கும் வழக்கமும் கூடியது. அந்தப் பெட்டி ராக்கூனுக்கு வருடம் முழுக்கத் திறந்திருக்கும் சத்திரம். இதையெல்லாம் தன் கண்ணால் பார்த்த ஒருவர், பொறி நின்றது, பறவை குறைந்தது என்று முடிச்சுப் போட்டால் அதில் வியப்பில்லை. ஆனால் அதே முப்பது வருடத்தில் வேறு பலவும் மாறின. கைவிடப்பட்ட சின்னச் சின்ன வயல்களும் புதர்மேடுகளும் நெருக்கமான பைன் தோட்டங்களாக மாறின. காட்டுக்குத் தீ வைத்துப் புதுப்பிக்கும் பழைய வழக்கம் பல இடங்களில் விட்டுப்போனது. புதிதாகக் கொண்டுவிட்ட பறவை முதல் இருபது வருடம் வேகமாகப் பெருகி, பிறகு அடங்குவதும் இயல்பு. எல்லாம் ஒரே காலத்தில் நடந்ததால் எது எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம்.

பிரித்தெடுக்க ஒரே வழி, பிடித்துப் பார்ப்பதுதான். பல்வேறு பறவைகளுக்காக நடந்த 20 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட அலசல் ஒன்று 1997-இல் வந்தது. வேட்டையாடும் விலங்குகளை அகற்றிய இடங்களில் குஞ்சு பொரிப்பது தெளிவாகக் கூடியது, இலையுதிர்காலத்துக் கூட்டமும் பெரிதானது. ஆனால் அடுத்த வசந்தத்தில் இனப்பெருக்கத்துக்கு நிற்கும் பறவைகளின் எண்ணிக்கை கூடும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூடுதலாக வந்த குஞ்சுகள் குளிர்காலத்தில் வேறு வழியில் கழிந்துவிடுகின்றன, அல்லது வேறிடம் போய்விடுகின்றன. வட டகோட்டாவில் வாத்துகளுக்காக, 36 சதுர மைல் கட்டங்களில், முட்டைக் காலம் முழுக்கச் சம்பளத்துக்கு ஆள் போட்டுப் பொறி வைத்தபோது கூடுகள் நிறையப் பிழைத்தன. 36 சதுர மைல் என்றால் 23 ஆயிரம் ஏக்கர். அந்த அளவில் செய்தால் பலிக்கிறது என்பதை நான் முழுமனதாக ஏற்கிறேன்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் தெற்கு டகோட்டா. பெசன்ட் என்ற தரையில் கூடு கட்டும் பறவைக்காகவும் வாத்துக்காகவும் 2019-இல் அந்த மாநிலம் ராக்கூன், ஸ்கங்க், ஒப்போசம், வளை தோண்டும் பேட்ஜர், செந்நரி ஆகியவற்றின் வாலுக்கு 10 டாலர் வெகுமதி அறிவித்தது. முதல் வருடமே 50 ஆயிரத்துக்கு மேல் வால்கள் வந்தன. கேட்கும்போது பெரிய எண். ஆனால் மாநிலம் முழுக்கச் சிதறி, எங்கே பிடிக்கச் சுலபமோ அங்கே பிடித்தவை அவை. எந்தப் புல்வெளியிலும் கூடு கட்டும் நேரத்தில் விலங்கு இல்லாத நிலையை அது உண்டாக்கவில்லை. பலனை அளக்கக்கூடிய வகையில் திட்டம் போடவும் இல்லை. அங்குள்ள உயிரியலாளர்கள் பலர் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். குழந்தைகளுக்குக் காட்டைப் பழக்குகிறது என்று ஆதரிப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். அது வேறு நோக்கம். பறவையைப் பெருக்குவதோடு அதைச் சேர்த்துப் பேசக்கூடாது.

இனி உங்கள் 60 ஏக்கர். ஒரு பெட்டை ஒரு வருடத்தில் சுற்றிவரும் இடம் பல நூறு ஏக்கர், சிலது ஆயிரத்தைத் தாண்டும். உங்கள் நிலத்தில் கூவும் சேவலின் கூட்டாளிகள் அநேகமாக நாலு பேர் நிலத்துக்கு அப்பால் முட்டையிடுகின்றன. உங்கள் நிலத்தில் இருக்கும் ராக்கூன்களை ஜனவரியில் பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முட்டைக் காலம் ஏப்ரலில். அதற்குள் சுற்றியுள்ள காட்டிலிருந்து வேறு ராக்கூன்கள் வந்து இடத்தைப் பிடித்திருக்கும். கொயோட் இன்னும் மோசம். தனக்கென்று எல்லை வைத்திருக்கும் ஜோடியைக் கொன்றால், எல்லையில்லாமல் அலையும் இளசுகள் சில வாரத்தில் வந்து நிற்கும். பல மாநிலங்களில் பொறிப் பருவம் தோல் நன்றாக இருக்கும் குளிர்காலத்தோடு முடிகிறது. தோலுக்கு அது சரியான காலம், கூட்டைக் காப்பதற்கு அது சரியான காலம் இல்லை. நான் பொறி வைத்த இரண்டு வருடமும் தினம் விடிகாலை நாலரைக்கு எழுந்து நாற்பது பொறிகளைச் சுற்றிவந்தோம். முதல் மூன்று வாரம் பிடிபடுவது குறைந்துகொண்டே வரும். நாலாவது வாரம் நிறுத்திப் பார்த்தோம். பத்தே நாளில் சேற்றில் பழையபடி கைத்தடம்.

அதே உழைப்பும் அதே பணமும் வேறொன்றில் போட்டால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் நான் பெரியவரிடம் பேசச் சொல்வேன். ஜூன் மாதம் உங்கள் நிலத்தில் மண்டியிட்டு, கண்ணைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துப் பாருங்கள். அதுதான் குஞ்சு பார்க்கும் உலகம். நெருக்கமான பைன் தோட்டத்தில் என்றால், பழுப்பு ஊசியிலை மெத்தை மட்டும் தெரியும். ஒரு வெட்டுக்கிளி கூட இருக்காது, மேலிருந்து பருந்து பார்த்தால் மறைவும் இருக்காது. வெளிநாட்டுத் தீவனப்புல் போட்ட மேய்ச்சல் நிலத்தில் என்றால் புல் பாயாகப் பின்னியிருக்கும், குஞ்சு நுழையவே முடியாது. குஞ்சுக்கு வேண்டியது, கொத்துக் கொத்தாக நிற்கும் நாட்டுப்புல்லும் பூண்டுச் செடிகளும், நடுவில் நடக்கத் தரை தெரியும் இடைவெளி, முழங்காலிலிருந்து இடுப்பு வரை உயரம், நிறையப் பூச்சி. பெட்டைக்குக் கூடு கட்ட வேண்டியதும் ஏறத்தாழ இதன் பக்கத்திலேயே. மூடாப்பு, அதாவது மறைக்கும் செடிப்போர்வை, நன்றாக இருந்தால் ராக்கூனால் எல்லாக் கூட்டையும் கண்டுபிடிக்க முடியாது. கூடு கட்ட உகந்த இடம் நிலத்தில் ஒரே கீற்றாக, ரோட்டோரமாக மட்டும் இருந்தால், அதை நுகர்ந்துகொண்டே போகும் விலங்குக்கு வேலை சுலபம். முட்டையை உடைக்கும் கை ராக்கூனுடையதுதான். ஆனால் அந்தக் கைக்கு எட்டும் இடத்தில் முட்டையை வைத்தது பெரும்பாலும் நாம் நிலத்துக்குச் செய்ததுதான்.

இதைச் சொல்வதில் எனக்கு எவ்வளவு உறுதி, எதில் இல்லை என்பதையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். குஞ்சுக்கு மூடாப்பு முக்கியம் என்பதில் உறுதி. பைன் காட்டில் இடையிடையே மரங்களை வெட்டிக் கலைத்து வெயில் விழவிட்டு, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கட்டுக்குள் தீ வைத்தால் அந்த மூடாப்பு வரும் என்பதிலும் உறுதி. ஆனால் அதை மட்டும் செய்தால் பறவை 1990-களின் அளவுக்கு ஏறிவிடுமா என்றால், அதை யாரும் காட்டியதில்லை. நன்றாகப் பராமரித்த காடுகளிலும் கூடுகள் அழிவதை நானே பார்த்திருக்கிறேன். கூட்டம் அடர்ந்தால் ஒரு பெட்டைக்கு வரும் குஞ்சு குறையும் என்பதற்குத் தென்கிழக்குத் தரவுகளில் அறிகுறி உண்டு. ஆனால் அது மட்டும்தான் காரணமென்றால், கூட்டம் குறைந்த இடங்களில் குஞ்சு விகிதம் திரும்ப ஏறியிருக்க வேண்டும், பல இடங்களில் ஏறவில்லை. எல்பிடிவி என்ற வைரஸ் 2009-இல் இங்கே காட்டு வான்கோழியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது, தேடிய இடமெல்லாம் நிறையப் பறவைகளில் இருக்கிறது. பெரும்பாலானவை நோயில்லாமலே திரிகின்றன, கூட்டத்தைக் குறைக்கிறதா என்பது தீர்ந்த விஷயம் இல்லை. வேட்டையை முன்கூட்டியே திறப்பதால் பெரிய சேவல்கள் இணை சேருமுன் விழுகின்றன என்ற வாதத்தை ஏற்று ஜார்ஜியா 2022-இல் பருவத்தைத் தள்ளிவைத்தது, ஆளுக்கு மூன்று என்பதை இரண்டாகக் குறைத்தது. டென்னசியில் சில மாவட்டங்களில் இரண்டு வாரம் தள்ளிவைத்துச் சோதித்தபோது கூடுகளின் வெற்றியில் மாற்றம் தெரியவில்லை. சேவலைக் குறைவாகச் சுடுவது சேவலைக் காக்கும், அதில் தவறில்லை. குஞ்சைக் கூட்டும் என்று எதிர்பார்ப்பது வேறு.

பெரியவரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். ஐம்பது வருடம் அந்த மண்ணில் சேவல் கூவுவதைக் கேட்டவர், அது நின்றுபோனதில் உங்களைவிட அவருக்கு வலி அதிகம். பொறி வைத்தே தீருவேன் என்றால், தோலையாவது பயன்படுத்துகிறாரா, சட்டப்படி தினமும் போய்ப் பார்ப்பாரா, சுற்றுப்பட்ட நிலத்துக்காரர்கள் சேர்ந்து சில ஆயிரம் ஏக்கரில் செய்யத் தயாரா, கூடு கட்டுவதற்கு முந்தைய வாரங்கள் வரை செய்ய மாநில விதி இடம் தருகிறதா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் நான் மறுக்க மாட்டேன், பலன் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் வருடா வருடம் செய்ய வேண்டும், ஒரு வருடம் விட்டால் பழைய நிலை. உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். பிடித்த ராக்கூனை வேறு காட்டில் கொண்டுபோய் விடுவது கருணையான வழி போலத் தோன்றும். வெறிநோயைப் பரப்பும் என்பதால் பல மாநிலங்களில் அது தடை. பிடித்தால் கொல்வதுதான், அதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். உயிரைக் கொல்வதற்கு ஒரு பலன் வேண்டும் என்று அவள் நினைத்தால், உங்கள் 60 ஏக்கரைப் பொறுத்தவரை அவள் பக்கம்தான் நான்.

எது செய்தாலும், உங்கள் நிலத்தில் மக்காச்சோளத் தீனிப்பெட்டி இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். ராக்கூனைக் கூட்டும், பூஞ்சை பிடித்த சோளத்தில் உள்ள அஃப்ளடாக்சின் நஞ்சு வான்கோழிக் குஞ்சைக் கொல்லவும் செய்யும். மாவட்டத்தில் இருக்கும் என்ஆர்சிஎஸ் (கூட்டரசு வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை) அலுவலகத்தில் கேளுங்கள், காட்டைக் கலைப்பதற்கும் தீ வைப்பதற்கும் ஆகும் செலவில் ஒரு பங்கு தரும் திட்டம் இருக்கிறது. தீயை நீங்களாக வைக்க வேண்டாம், மாநில வன ஆணையத்தில் சொல்லி, பழகிய ஆளோடு செய்யுங்கள். மேய்ச்சல் நிலத்தில் பாதியை ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை வெட்டாமல் விடுங்கள், அதற்குப் பைசா செலவில்லை. கூவல் குறைந்ததை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். பக்கத்தில் வேட்டை நெருக்கம் கூடினாலும் சேவல் வாயை மூடிக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் மகளையும் பெரியவரையும் ஒரே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எந்தத் தேதி, எத்தனை பெட்டை, எத்தனை குஞ்சு. குஞ்சில்லாமல் தனியாக மேயும் பெட்டையையும் எழுத வேண்டும், எண்ணுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அதைத்தான்.